மணையில் தொடங்குங்கள்: வீட்டுத் தச்சு வேலை கேள்வி பதில்

பதினான்கு வருடமாக என் வீட்டு மாடியில் மரவேலை செய்கிறேன். எங்கள் தெருவில் இருந்த ஓர் ஆசாரியிடம் உட்கார்ந்து பார்த்துத்தான் பாதி கற்றேன், மீதியை மரத்தைக் கெடுத்துக் கற்றேன். புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

சார், 5,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். என்னென்ன கருவிகள் வாங்கலாம்? (மதுரை)

மெஷின் பக்கமே இப்போது போகாதீர்கள். ஒரு கைரம்பம், அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் ஒவ்வொரு உளி, ஒரு கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), பலகையைச் சீவச் சின்ன இழைப்புளி, டேப், செங்கோணம் பார்க்க மூலைமட்டம், நான்கு கிளாம்ப். இவை போதும். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நேரான ஓரமுள்ள ஒரு பலகையில் மட்டத்தை வைத்துக் கோடு போட்டு, மட்டத்தை அப்படியே மறுபுறம் திருப்பி அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் நல்ல மட்டம். மேலே போகப் போக விலகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோணல் மட்டத்தோடு எவ்வளவு கவனமாக அறுத்தாலும் கோணல்தான் வரும்.

இன்னொன்று: ஆசாரிகளிடமும் மரக்கடையிலும் நூல் கணக்கில்தான் பேச்சு நடக்கும். 8 நூல் ஒரு அங்குலம். ‘6 நூல் பலகை’ என்றால் முக்கால் அங்குலம். மரத்தைக் கன அடியில் விற்பார்கள். நீளத்தை அடியிலும் அகலம், கனம் இரண்டையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 6 அடி நீளம், 8 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள பலகை கன அடியில் மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அண்ணா, முதல் வேலையாகக் கட்டில் செய்யலாமா? (கோவை)

வேண்டாம் தம்பி. மணை செய்யுங்கள். பந்தியில் உட்கார நம் வீடுகளில் இருந்ததே, அதே மணைப்பலகைதான். ஒரு பலகை, அடியில் குறுக்கே இரண்டு சட்டம். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் நேராக அறுப்பது, இழைப்பது, சதுரம் பார்ப்பது, திருகு முடுக்குவது, பாலிஷ் போடுவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. கெட்டால் இரண்டடிப் பலகைதான் போகும், கட்டில் என்றால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். மூன்று மணை செய்து பாருங்கள். மூன்றாவதை வீட்டில் யாராவது எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் முக்காலி, அதற்குப் பிறகு மேசை.

மாங்காய்ப் பலகையில் படிக்கும் மேசை செய்தேன். நான்கு மாதத்தில் நடுவில் நீளமாக வெடித்துவிட்டது. மரம் மோசமா? (நாகர்கோவில்)

மரம் மேல் தவறில்லை. மேல்பலகையை அடிச்சட்டத்தோடு சுற்றிலும் ஃபெவிகால் தடவி, திருகும் போட்டு இறுக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விடை அதில் இருக்கிறது.

வெட்டி, அறுத்து, மேசையான பிறகும் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கும், விடும். மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் கண்ணுக்குத் தெரியாது, அகலவாக்கில்தான் எல்லாம் நடக்கும். இரண்டரை அடி அகல மேல்பலகை பருவத்துக்குப் பருவம் ஒன்றிரண்டு நூல் கூடிக் குறைவது சாதாரணம். நீங்கள் நான்கு பக்கமும் கட்டிப் போட்டுவிட்டதால் சுருங்க இடம் கிடைக்காமல், பலவீனமான ரேகையில் பிளந்துகொண்டது.

பழைய வீட்டுக் கதவு ஒன்றைப் போய்ப் பாருங்கள். நடுவில் இருக்கும் பலகை சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசையில்லாமல் சும்மா நிற்கும். உப்பினாலும் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவுகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் அந்தக் காடியின் ஓரத்தைக் கவனியுங்கள். சில கதவுகளில் பாலிஷ் படாத மெல்லிய கோடு தெரியும். பலகை சுருங்கி வெளியே வந்த அளவு அது.

உங்கள் மேசைக்கு வழி இருக்கிறது. பலகையைக் கழற்றி, வெடிப்பு வழியாகவே நேராக அறுத்து, இரு ஓரத்தையும் இழைத்து மறுபடி ஒட்டுங்கள். சட்டத்தில் திருகுத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீட்டிவிடுங்கள். நடுத்திருகை மட்டும் இறுக்கமாக விட்டு, மற்றவற்றை வாஷர் போட்டு முடுக்குங்கள். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பசை வேண்டாம். மணைக்கும் இதுதான் முறை: அடிச்சட்டத்தில் நடுத்திருகு இறுக்கம், ஓரத்திருகுகளுக்குத் துளை சற்றுப் பெரிது.

எங்கள் வயலில் விழுந்த வேப்பமரத்தைப் பலகையாக அறுத்து வைத்திருக்கிறேன். உடனே பயன்படுத்தலாமா ஐயா? (தஞ்சாவூர்)

அவசரப்படாதீர்கள். பச்சைப் பலகையில் செய்தது முறுக்கிக்கொள்ளும். முதலில் பலகையின் இரு நுனியிலும் உள்ள வெட்டுமுகத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும், அதனால்தான் நுனியில் வெடிக்கிறது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையில் வையுங்கள். மேலே கல்லேற்றுங்கள்.

அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் வெயிலில் கொஞ்சம் முன்னதாகவும் காயலாம். சந்தேகமே வேண்டாம் என்றால், அடுக்கிலிருந்து ஒரு சிறு பலகையை மாதம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

வேம்பில் வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. ஓரத்து வெள்ளைப் பகுதி உளுத்துப் போகும், அதை அறுத்துத் தள்ளிவிடுங்கள்.

உளி வாங்கினேன், மரத்தை வெட்டாமல் நசுக்குகிறது. கம்பெனி சரியில்லையா? (சேலம்)

கடையில் வரும் உளி பெரும்பாலும் தீட்டாமல்தான் வரும். தீட்டக் கற்றுக்கொண்டால் பாதித் தச்சு வந்துவிடும், இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். மொக்கை உளியை அழுத்தித் தள்ளும்போது வழுக்கி என் இடது உள்ளங்கையில் நான்கு தையல். கூர்மையான உளிக்கு அந்த அழுத்தமே தேவைப்படாது.

10 மி.மீ. கனமுள்ள கண்ணாடித் துண்டு ஒன்று, அதன் மேல் விரித்துத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் 220, 400, 1000, 2000 எண் உப்புத்தாள்கள். முதலில் உளியின் தட்டையான முதுகை, நுனியிலிருந்து ஓர் அங்குலம் மட்டும், கண்ணாடிபோல மின்னும்வரை தேயுங்கள். இதை ஒருமுறை செய்தால் போதும். பிறகு சரிவுப் பக்கம். 25 டிகிரி என்றால் குழம்ப வேண்டாம், சரிவின் நீளம் உளிக் கனத்தைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் தேய்கிறது. கோணம் சரியா என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தேய்க்கத் தேய்க்க ஒரு கட்டத்தில், முதுகுப் பக்கம் விரலை நுனி நோக்கி மெதுவாக வருடினால் மயிரிழை போன்ற பிசிறு தட்டும். அது நுனி முழுக்க ஒரே சீராகத் தட்டிய பிறகே அடுத்த தாளுக்குப் போகவேண்டும். கடைசித் தாளில் முதுகை இரண்டு தேய் தேய்த்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பைன் மரத் துண்டின் வெட்டுமுகத்தில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் இன்னும் தீட்டவேண்டும். சீவலாகச் சுருண்டு, வெட்டிய இடம் பளபளத்தால் அதுதான் கூர்.

அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறேன். சத்தம், தூசி எல்லாம் எப்படிச் சமாளிப்பது? (சென்னை, இல்லத்தரசி)

கைக்கருவிக்குச் சத்தம் குறைவு அம்மா. கொட்டாப்புளி வேலையை மட்டும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பால்கனியில் கனமான மேசை ஒன்று, அதில் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் பட்டறை தயார். உப்புத்தாள் தேய்க்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் இருக்கிறது. இழைப்புளியில் சீவினால் தூசி வராது, சுருள்தான் விழும். தேய்ப்பதைக் குறைக்க அதுவும் ஒரு காரணம்.

புத்தக அலமாரிக்கு ப்ளைவுட் போடலாமா? தட்டு தொய்கிறது என்கிறார்களே. (கரூர்)

தாராளமாகப் போடலாம். ப்ளைவுட் மரம்போல உப்பிச் சுருங்காது, தொடங்குபவருக்கு அது பெரிய நிம்மதி. 18 மி.மீ. தட்டுக்கு இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுங்கள். அதற்கு மேல் போனால் புத்தகப் பாரத்தில் தொய்யும். தட்டின் முன் ஓரத்தில் ஒன்றரை அங்குல மரச்சட்டத்தைச் செங்குத்தாக ஒட்டினால் விறைப்பு நன்றாகக் கூடும். தண்ணீர் படும் இடமென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை.

மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பிளேடு போட்டு அறுக்கிறார்களே, நானும் செய்யலாமா? (திருப்பூர்)

செய்யாதீர்கள். அது கல்லறுக்கச் செய்த மெஷின். மரத்தில் பிளேடு சிக்கினால் உதைத்துக்கொண்டு உங்கள் பக்கம் வரும். மெஷின் தேவையென்றால் மரத்துக்கான சர்க்குலர் சா வாங்குங்கள். சுற்றும் பிளேடு அருகே கையுறையும் தொளதொள சட்டையும் கூடாது.

மேலே என்ன பூசலாம்? (புதுச்சேரி)

முதல் பொருளுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் (கடையில் ‘பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று கேளுங்கள்). துணியில் தொட்டுத் தேய்த்து, 15 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், மறுநாள் இன்னொரு பூச்சு. ஆனால் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. எண்ணெய் காயும்போது உண்டாகும் சூடு சுருட்டிய துணிக்குள் தேங்கி, தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பாலிஷ் இன்னும் அழகு, மழை நாளில் மட்டும் போடாதீர்கள். வெளுத்துப் பூத்துவிடும்.

ஸ்டூல் செய்தேன், ஆடுகிறது. ஒரு காலை அறுத்தால் அடுத்த கால் ஆடுகிறது. (திண்டுக்கல்)

ஒவ்வொரு காலாக அறுத்தால் முடிவே இருக்காது. சமமான கிரானைட் மேடையில் ஸ்டூலை வையுங்கள். குட்டையான காலுக்கு அடியில் அட்டைத்துண்டு செருகி ஆட்டத்தை நிறுத்துங்கள். இப்போது 4 நூல் கனக் கட்டை ஒன்றின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, அந்தக் கட்டையை மேடையோடு நகர்த்தி, நான்கு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். எல்லாக் கோடும் ஒரே மட்டத்தில் விழும். கோட்டில் அறுத்தால் ஆட்டம் நிற்கும். ஆனால் அறுப்பதற்கு முன்னால் ஸ்டூலை வீட்டில் வேறு இரண்டு இடங்களில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் தரைதான் சமமாக இருக்காது.