மழையே பெய்யாமல் அலாஸ்காவின் யூக்கான் ஆற்றில் மே மாதம் வெள்ளம் வருவது ஏன்? கரையோரக் கிராமத்தினர் என்ன செய்ய வேண்டும்?

இது பனி அடைப்பு வெள்ளம். வசந்தத்தில் உறைந்த ஆறு உடையும்போது, பனிப்பாளங்கள் வளைவில் சிக்கி அணைபோல் நின்றுவிடும். மேலே உருகி வரும் தண்ணீருக்குக் கீழே வழி இருக்காது. மதகில் ஆகாயத்தாமரை அடைத்தால் தண்ணீர் பின்னேறி வயலில் புகுமே, அதேதான். ஆனால் இங்கே சில மணி நேரத்தில் வீட்டுக்குள் வந்துவிடும், வீட்டளவு பாளங்களோடு. 2013 மே மாதம் கலீனா கிராமம் இப்படித்தான் மூழ்கியது. மக்களை விமானத்தில் வெளியேற்றினார்கள்.

அதனால் பனி அசையும் முன்பே மருந்து, ஆவணங்கள், குடிநீரை மூட்டை கட்டிவிடுங்கள். எரிபொருள் தொட்டியை இறுகக் கட்டுங்கள், அது மிதந்து போய்விடும். அப்புறம் குழந்தைகளையும் முதியவர்களையும் முதலில் மேட்டுக்கு அனுப்புங்கள்.

தண்ணீர் வடிந்தால் ஆபத்து முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அடைப்பு உடைந்த அந்த நேரத்தில்தான் கீழே உள்ள ஊருக்கு வெள்ளம் பாய்கிறது.