சரிவுக்கு நார் வலை: வாங்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: வீட்டின் பின்புறம் மண்ணை வெட்டிச் சமன்படுத்தியதில், 4 மீட்டர் உயரமும் 10 மீட்டர் நீளமும் உள்ள வெறுஞ்சரிவு ஒன்று உண்டாகிவிட்டது. அது ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் உள்ளது. ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து வருகிறது. அதைத் தடுக்கச் சரிவின் மேல் விரிக்கும் தென்னை நார் வலை பத்தாண்டுகள் உழைக்கும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார்; சணல் வலையே போதும், விலையும் குறைவு என்கிறார் இன்னொருவர். 40 சதுர மீட்டர் வாங்கினால் போதும் என்று இருவருமே சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: பத்தாண்டு என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். ஈரமண்ணோடு ஒட்டிக் கிடக்கும் சணல் வலை ஓரிரு ஆண்டுகளில் மக்கிவிடும். லிக்னின் என்ற, எளிதில் மக்காத மரப்பொருள் மிகுந்த தென்னை நார், ஈரத்தையும் வெயிலையும் பொறுத்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை தாக்குப்பிடிக்கும். மக்கிப்போவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. வலை மழைத்துளியின் அடியைத் தாங்கி, வழிந்தோடும் நீரின் வேகத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும் காலத்துக்குள் புல்லின் வேர் மண்ணைப் பிடித்துவிட வேண்டும் என்பதே இந்த முறையின் அடிப்படை. எனவே எந்தச் செடி, எத்தனை மாதத்தில் அடரும் என்பதை முடிவு செய்த பிறகுதான் வலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மென்சரிவில், ஒரே பருவத்தில் மூடிவிடும் புல்லை விதைப்பவருக்குச் சணலே போதும். உங்கள் சரிவில் சத்தற்ற அடிமண் வெளியே தெரிவதால் செடி பிடிக்கத் தாமதமாகும். தென்னை நாரையே வாங்குங்கள்.

தென்னை நார் வலை சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் எனப் பல எடைகளில் விற்கப்படுகிறது. இவ்வளவு செங்குத்தான சரிவுக்கு 700 கிராமுக்குக் குறைந்ததை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியலில் எழுதியிருக்கும் எடையை அப்படியே ஏற்காமல், மீட்டருக்கு மீட்டர் துண்டு ஒன்றைத் தராசில் வைத்துப் பாருங்கள். நார் ஈரத்தை இழுக்கும் பொருள். ஈரக் கிடங்கில் கிடந்த சுருள் எடையைக் கூட்டிக் காட்டும் என்பதால், துண்டை வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே எடை போட வேண்டும். கயிறு ஒன்றை விரலால் பிரித்தும் பாருங்கள். முறுக்கு எளிதில் தளர்ந்து, நீண்ட இழைகளுக்குப் பதிலாக நார்த்தூளே கையில் உதிர்ந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

அளவு விஷயத்தில் இருவருமே உங்களைத் தவறாக வழிநடத்துகிறார்கள். உயரத்தை நீளத்தால் பெருக்கினால் வருவது 40 சதுர மீட்டர். ஆனால் வலை விரிவது சாய்ந்த பரப்பில். 4 மீட்டர் உயரத்துக்கு 45 பாகையில் சாய்வின் நீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். உச்சியில் 30 சென்டிமீட்டர் ஆழமும் அதே அகலமும் உள்ள பள்ளத்தில் வலையின் தலைப்பைப் புதைப்பதற்கு 60 சென்டிமீட்டரும், அடியில் மடித்துப் புதைப்பதற்கு 30 சென்டிமீட்டரும் சேர்த்தால் ஒரு பட்டை 6.6 மீட்டர் ஆகிறது. ஒரு மீட்டர் அகலச் சுருளைப் பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் மேற்கவியுமாறு விரித்தால் 12 பட்டைகள் தேவைப்படும். மொத்தம் 79 சதுர மீட்டர். பாதிச் சரக்கோடு வேலையைத் தொடங்குபவர்கள், கடைசியில் மேற்கவிவை விட்டுவிட்டு ஓரத்தோடு ஓரம் வைத்து முடிப்பார்கள். அந்த இடுக்கில்தான் முதல் மழைநீர் ஓடைபோல் அறுத்துக்கொண்டு இறங்கும்.

விரிப்பவரிடம் வற்புறுத்த வேண்டியது ஒன்றுதான்: வலை எங்கும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கட்டிகளையும் கற்களையும் அகற்றி, விதையைத் தூவிய பிறகு, மேலிருந்து கீழாக, இழுத்து விறைப்பாக்காமல் விரித்து, ‘ப’ வடிவக் கம்பிகளாலோ மரமுளைகளாலோ அறைய வேண்டும். விறைப்பாக இழுத்த வலை பள்ளங்களின் மேல் பந்தலாக நிற்கும். நீர் அதன் அடியில் ஓடும். சரிவின் உச்சிக்கு வரும் நீரை வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பிவிடாவிட்டால், எந்த எடையுள்ள வலையும் பயன் தராது.

உச்சியில் நீளவாக்கில் வெடிப்புகள் தெரிந்தாலோ, மரங்கள் சாய்ந்திருந்தாலோ, அடிவாரத்தில் மழையற்ற நாளிலும் நீர் கசிந்தாலோ எதையும் வாங்காமல் மண் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவை ஆழத்தில் மண் நகர்வதன் அறிகுறிகள். மேல்மண் அரிப்பைத் தடுக்கும் வலை அதற்கு மருந்தாகாது.

கேள்வி: வலைக்குச் செலவழிக்காமல், வெட்டிவேர் நாற்று மட்டும் நட்டால் போதாதா?

பதில்: முதல் மழையைச் சமாளிக்க முடிந்தால் போதும். வெட்டிவேரின் வேர், வளமான மண்ணில் 3 மீட்டர் ஆழம் வரை நேராகக் கீழே இறங்கக்கூடியது. ஆனால் நட்ட நாளில் அது விரலளவுதான். வறண்ட காலத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்க்க வசதி இருந்தால் வலையைத் தவிர்க்கலாம்; இல்லையென்றால் வலையின் கண்ணிகளுக்கு இடையே நடுவதே நல்லது. சரிவின் குறுக்கே சமமட்ட வரிசையில், நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு நெருக்கமாக நடவேண்டும். 30 சென்டிமீட்டர் இடைவெளி போதும் என்று சொல்லி நாற்றை மிச்சப்படுத்துபவருக்கு நீரைத் தடுக்கும் புல்வேலி கிடைக்காது, தனித்தனித் தூர்களே கிடைக்கும். அவற்றுக்கிடையே நீர் முன்னைவிட வேகமாகப் பாயும். வாங்கும்போது விதை முளைக்காத வகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிழலில் இது நலிந்துவிடும். மரநிழல் விழும் பக்கத்துக்கு அங்கே இயல்பாக வளரும் நிழல் தாங்கும் புல்லும் குறுஞ்செடிகளும் மேல். விரைவாக வளர்கிறதே என்று செங்குத்தான சரிவின் விளிம்பில் பெருமரங்களை நடவேண்டாம். அவற்றின் பாரமும் காற்றில் அவை ஆடும் ஆட்டமும் மண்ணைத் தளர்த்திவிடும்.

கேள்வி: ‘முழுவதும் மக்கக்கூடியது’ என்று அச்சிட்ட வைக்கோல் விரிப்பில் மெல்லிய பச்சை வலை தைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் மக்குமா?

பதில்: ஓர் இழையை உருவி, விரிப்பிலிருந்து தள்ளிவந்து நெருப்பில் காட்டுங்கள். நாராக இருந்தால் எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக்காக இருந்தால் சுருங்கி, உருகி, மணியாகத் திரளும். வெயிலில் சிதையும் பிளாஸ்டிக்கையும் சிலர் மக்கக்கூடியது என்ற பெயரில் விற்கிறார்கள். அது துண்டுகளாக உடைந்து மண்ணிலேயே தங்கும். உடைவதற்கு முன்பு பாம்புகளும் சிறு உயிர்களும் அதன் கண்ணிகளில் சிக்கி மடிவதும் உண்டு. வைக்கோல் விரிப்புதான் வேண்டுமென்றால், சணல் அல்லது தென்னை நார் நூலால் தைத்ததைக் கேளுங்கள். ரசீதிலும் ‘தையல் நூலும் வலையும் இயற்கை நார்’ என்று எழுதி வாங்குங்கள்.