படப் புத்தகத்தைப் பிரித்தாலே பிள்ளைகள் எழுந்து ஓடுகிறார்களா?

பெங்களூரு விவேக்நகரில் மழலையர் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் ஆசிரியை கேட்கிறார்: "மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இருபது பிள்ளைகள். வீட்டு மொழி தமிழ், கன்னடம், உருது என்று ஆளுக்கொன்று. படப் புத்தகம் வாசிக்க ஆரம்பித்தால் மூன்றாவது பக்கத்திலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். பெற்றோரோ கதை போதும், எழுத்து சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

முதலில் இருபது பேரையும் ஒன்றாக உட்காரவைத்து வாசிப்பதை விடுங்கள். பின்னால் இருக்கும் பிள்ளைக்குப் படமே தெரியாது, அது எழுந்து போவதில் தப்பும் இல்லை. மற்றவர்களை ஆயாம்மா பார்வையில் களிமண்ணிலோ கட்டைகளிலோ விளையாட விட்டுவிட்டு, ஐந்தாறு பேரோடு தரையில் உட்காருங்கள். மற்றவர்களுக்கு அடுத்தடுத்த நாட்களில் முறை வரும்.

அடுத்தது, புத்தகத்தை முடித்தாக வேண்டும் என்ற அவசரம். அதுதான் பெரும்பாலான வகுப்புகளைக் கெடுக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் பார்த்தாலும் போதும், ஆனால் பேச்சு பிள்ளைகளிடமிருந்து வர வேண்டும். சந்தைப் படம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். "இது என்ன?" என்று கேட்டால் "காக்கா" என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் காத்திருங்கள், மனதுக்குள் ஐந்து எண்ணும் வரைக்கும். "மிஸ், காக்கா!" என்று ஒருவன் சொல்வான். "ஆமா, காக்கா கூடை மேல உக்காந்திருக்கு. எதுக்கு?" "மீன் திங்க." "அந்தப் பாட்டி பாத்தா?" அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பிப்பார்கள். பிள்ளை சொன்ன சொல்லோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்வது, அடுத்த கேள்வியை அங்கிருந்தே எடுப்பது என்கிற இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவர் குழுவும் 1988-இல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே மாதம் வீட்டில் இப்படி வாசித்த குழந்தைகள், வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிடப் பேச்சில் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள்.

கன்னடத்தில் "காகெ" என்று ஒரு குழந்தை சொன்னால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், தமிழில் சொல் என்று திருத்த வேண்டாம். உங்கள் ஊரிலேயே இருக்கும் பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே படங்களோடு ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது, அச்செடுத்தும் கொள்ளலாம். தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பிரதி எடுத்து மூலையில் வையுங்கள், உருது கிடைத்தால் அதுவும். உருதுப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் போகும், அதனால் வீட்டில் அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை எந்தப் புத்தகத்தையும் நமக்குக் கடைசியாகத் தெரிகிற பக்கத்திலிருந்து புரட்டலாம். கையைப் பிடித்துத் தடுக்காதீர்கள்.

விளையாட்டைத் தனியாகத் தேட வேண்டியதே இல்லை, புத்தகத்தை மூடியதும் அது அங்கேயே இருக்கிறது. ஒரு கூடை, பழைய துண்டு, காகித மீன், கொஞ்சம் புளியங்கொட்டை வைத்துவிட்டு ஒதுங்கி உட்காருங்கள். சிறிது நேரத்தில் பேரம் நடக்கும், புளியங்கொட்டை காசாகும், காகம் ஒன்று பறந்து வரும். "மூணு மீன் குடு" என்று கேட்கிற குழந்தை எண்ணவும் படிக்கிறது. அதே புத்தகத்தை ஒரு வாரம் வைத்திருங்கள். பெரியவர்களுக்குத்தான் சலிக்கும், பிள்ளைகளுக்கு நான்காவது நாள்தான் கதை சொந்தமாகும்.

சரி, பெற்றோர். மூன்று முதல் எட்டு வயது வரைக்கும் விளையாட்டு வழிக் கற்றலையே, பாடத்திட்டங்களுக்கு வழிகாட்டியாக 2022-இல் வந்த தேசியக் கலைத்திட்டமும் சொல்கிறது, ஆனால் அதைக் காட்டினால் யாரும் சமாதானமாக மாட்டார்கள். ஒரு நாள் இரண்டு அம்மாக்களைக் கூப்பிட்டு, தங்கள் பிள்ளை பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்கச் சொல்லுங்கள். தலைப்பை வாசிக்கும்போது விரலை எழுத்தின் கீழ் ஓட்டிக் காட்டுங்கள், எழுத்து அறிமுகம் அங்கே தொடங்கிவிட்டது என்பதை அவர்களே பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிகூடப் படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம் என்று சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

புத்தகம் கிழியத்தான் செய்யும். அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். சிறியவர்களுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் கொடுங்கள், மற்றதற்கு ஒரு செல்லோ டேப்பை வாங்கி வைத்து, கிழித்த பிள்ளையையும் கூட உட்காரவைத்து ஒட்டுங்கள்.