துளை போடுவதற்கு முன் கேளுங்கள்

திருநெல்வேலி டவுன் பழைய பாத்திரக் கடைகளிலும், வீடு இடிக்கிற இடங்களிலும் கிடைக்கும் சாமான்களை வாங்கி வீட்டு அலங்காரமாக்கித் தருவதுதான் இருபது வருடமாக என் வேலை. அந்தப் பொருள் நாளை மறுபடி தன் பழைய வேலைக்குத் திரும்ப முடிய வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டை மட்டும் நான் விடுவதில்லை. வந்த கேள்விகளில் சில இங்கே.

அண்ணாச்சி, ஆச்சி வைத்திருந்த பித்தளைக் குடத்தின் அடியில் துளை போட்டு மேஜை விளக்காக்கலாமா? (பாளையங்கோட்டை)

குடம் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள், தங்கச்சி. தண்ணீர் நிரப்பி, காய்ந்த செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வையுங்கள். தாள் நனைந்தால் தாராளமாகத் துளை போடலாம். நனையவில்லை என்றால் வேண்டாம். நல்ல குடத்தில் ஓட்டை போட்டால், பிறகு கடைக்காரர் அதைத் தராசில்தான் வைப்பார்.

புளியும் உப்பும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரம் உலரும் முன்பே துணியால் துடையுங்கள். புளியை அப்படியே பூசி ஊறவிட்டால் திட்டுத்திட்டாக நிறம் மாறும். கம்பி நார் கூடவே கூடாது, கீறல் போகாது. பிறகு குடத்தின் வாயில் காய்ந்த தென்னம்பாளை ஒன்றை நிறுத்திக் கூடத்து மூலையில் வையுங்கள். வெளிச்சமும் வேண்டுமென்றால் பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி சரத்தைப் பாளையில் சுற்றலாம்.

கடையில் வாங்கிய தூக்குச்சட்டியில் யாருடைய பெயரோ, வருடமோ வெட்டியிருக்கிறது. தேய்த்து அழித்துவிடலாமா? (மேலப்பாளையம்)

வேண்டாம், தம்பி. புள்ளி புள்ளியாக வெட்டிய அந்த எழுத்து பெரும்பாலும் கல்யாணச் சீராக வந்தபோது போட்டதாக இருக்கும். அழித்தால் தகடும் மெலியும். நான் பெயர் இருக்கும் பக்கத்தைத்தான் முன்னால் திருப்பி வைப்பேன். யார் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கட்டும்.

பத்தமடைப் பாய் ஒன்றை எலி கடித்துவிட்டது. நல்ல பகுதியை வெட்டிச் சுவரில் மாட்டலாமா? (வீரவநல்லூர்)

மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாயா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் பெயருக்குக் குறுக்கே கத்தரி போகக் கூடாது.

பாயில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடு கோரை. எனவே வெட்டிய அடுத்த நிமிடமே ஓரம் பிரியத் தொடங்கும். வெட்ட வேண்டிய கோட்டுக்கு உள்பக்கமாக நெருக்கமாக இரண்டு தையல் ஓட்டி, அதற்கு வெளியேதான் வெட்ட வேண்டும். ஓரத்துக்குப் பருத்தித் துணிப் பட்டை கொடுங்கள். மேல் ஓரத்தின் பின்பக்கம் துணிக்குழாய் ஒன்று தைத்து, மூங்கில் குச்சியைச் செருகி மாட்டினால் பாரம் சமமாக இறங்கும். பாயில் நேரடியாக ஆணி அடித்தால் அந்த இடத்தில் கோரை கிழியும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயில் சாயத்தையும் வெளுக்கும், கோரையையும் நொறுக்கும்.

உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்க விட்டேன். கொசு வருகிறது. (அம்பாசமுத்திரம்)

டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும். வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உட்சுவரில் ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். ஊருக்குப் போகிற நாட்களில் உருளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

பழைய ஜன்னல் கதவை வாங்கினேன். பெயின்டைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடிச் சட்டமாக்க ஆசை. (தென்காசி)

இதில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் நிறைய இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். எனவே உலர்ந்த மரத்தில் உப்புத்தாள் போடவே போடாதீர்கள். உரிந்து நிற்பதை மட்டும் நனைத்து, முகக்கவசத்தோடு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வெளியே வைத்து எடுங்கள். தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். மீதிப் பெயின்ட் கெட்டியாக இருந்தால் அதன் மேலேயே புதுப் பூச்சு கொடுத்துவிடலாம்.

மரத்தைத் தட்டினால் மாவு போலப் புதுத் தூள் கொட்டுகிறதா? உளுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது.

பித்தளை என்று சொல்லி இரும்பை விற்றுவிடுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? (சங்கரன்கோவில்)

ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு.

அரிக்கேன் விளக்கில் கரண்ட் பல்பு போடலாமா? (நாங்குநேரி)

உலோக உடம்பில் வயர் உரசி அறுந்தால் ஷாக் அடிக்கும். பேட்டரி விளக்கே போதும். முன்னதாக எண்ணெய்த் தொட்டியில் மிச்ச மண்ணெண்ணெய் இல்லாமல் கொட்டிக் கழுவி, நன்றாகக் காய வையுங்கள்.

பாட்டியின் ஓலைச் சுளகை, அதாவது முறத்தை, சென்னை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஓரம் பிரிகிறது.

வெந்தயத்தையும் ஊறிய காகிதத்தையும் அரைத்து மெழுகுவார்களே, அதையே நீங்களும் செய்யுங்கள். ஓட்டையும் அடைபடும். நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

என் சிறு வயது மரச் சொப்புகள் கிடைத்தன. நிறம் மங்கியிருக்கிறது. பெயின்ட் அடித்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கட்டுமா, அண்ணாச்சி? ஏழு வயதில் மகள் இருக்கிறாள். (கல்லிடைக்குறிச்சி)

அந்த நிறம் கடைசலில் சுழலும்போதே அரக்கை அழுத்தி ஏற்றியது. மேலே பெயின்ட் அடித்தால் அந்த வழவழப்பு போய்விடும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். அரக்கு உதிராமல் இருந்தால் அலமாரி எதற்கு, தங்கச்சி? மகளிடம் கொடுங்கள், சோறு பொங்கி விளையாடட்டும்.