அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், அண்ணா

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். ஏழு பேர் உட்காரும் குடும்பக் கார், வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வங்கிக் கடன் இன்னும் ஓடுகிறது. இருபது வயது மகன் தன் சம்பளத்திலிருந்து 7,800 ராண்ட் கொடுத்து ஒரு கடையில் சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்திக்கொண்டு வந்திருக்கிறான். ஐந்தாவது வாரம், புனித வெள்ளியன்று, இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. எல்லோரையும் இறக்கிவிட்டுப் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள், நல்லவேளை யாருக்கும் ஒன்றுமில்லை. வயரிங்கைச் சரிசெய்ய 31,000 ராண்ட் ஆகும் என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கணக்குக் கொடுத்திருக்கிறார். கடைக்காரரோ, "சுவரில் போர்டு இருக்கிறதே, எல்லாம் உங்கள் சொந்தப் பொறுப்பு" என்கிறார். ஆனாலும் 2,000 ராண்ட் தருகிறேன், வயரையும் இலவசமாக மாற்றித் தருகிறேன் என்று ஒரு தாளை நீட்டுகிறார். கார் வாங்கிய இடத்தில் "வாரண்டி மொத்தமும் போச்சு" என்றுவிட்டார்கள். இன்ஷூரன்ஸுக்குச் சொன்னால் வம்பு வருமா என்றும் கேட்கிறார்.

அண்ணா, முதலில் அந்தத் தாள். நீங்கள் அனுப்பிய படத்தைப் படித்தேன். "இத்துடன் எல்லாக் கணக்கும் முழுமையாகத் தீர்ந்தது" என்று நடுவில் ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? அதில் கையெழுத்துப் போட்டால் 31,000 ராண்ட் சேதத்தை 2,000 ராண்டுக்கு விற்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்னொரு சிக்கலும் உண்டு. நாளைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்தால், அந்தப் பணத்தை உங்கள் பெயரில் கடையிடமிருந்து வசூலிக்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடும். அந்த வழியை நீங்களே முன்கூட்டி அடைத்துவிட்டால், அதையே காரணம் காட்டி உங்கள் கோரிக்கையைத் தள்ளிவிட முடியும். போடாதீர்கள்.

இலவசமாக வயர் மாற்றுவதும் வேண்டாம். கருகிய அந்த வயர்தான் உங்கள் வழக்கே. கார் ஒரு நாள் அந்தக் கடைக்குள் போய் வந்தால் சாட்சி புதிதாகிவிடும்! கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எழுத்தில் ஓர் அறிக்கை வாங்குங்கள். கணக்குத் தாள் மட்டும் போதாது, காரணம் எழுதப்பட வேண்டும். அவர் பார்க்க வேண்டியவை: பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, வழக்கமாகச் சுமார் 45 சென்டிமீட்டருக்குள், ஃபியூஸ் இருந்ததா? ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார், அது ஆம்ப்பைத்தான் காப்பாற்றும். நடுவில் ஓடும் நீளமான வயர் எங்கேயாவது உரசி பாடி இரும்பில் பட்டால், அதைக் காப்பாற்றுவது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் மட்டுமே. என்ஜின் பகுதிக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் போட்டார்களா, இல்லை கூர்மையான தகட்டோடு உரச விட்டார்களா? வயர் முழுச் செம்பா, செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியமா? உண்மையிலேயே 1,000 வாட் தரும் ஆம்ப் ஒன்று முழு வீச்சில் ஓடினால் ஏறத்தாழ 90 ஆம்பியர் இழுக்கும், அலுமினிய வயர் அதே தடிமனில் செம்பு தாங்கும் அளவு தாங்காது. இன்வாய்ஸில் "செம்பு வயர்" என்று எழுதி அலுமினியத்தைக் கொடுத்திருந்தால் அது தனி வழக்கு. கழற்றிய துண்டு ஏதாவது ஏற்கெனவே கடையில் இருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 67ஆம் பிரிவின்படி, வேலை செய்யும்போது கழற்றிய பாகங்களை ஓரளவு சுத்தமான பையிலோ டப்பாவிலோ போட்டு வாடிக்கையாளரிடம் திருப்பித் தர வேண்டும். பலருக்கு இது தெரியாது, கடைக்காரர்களுக்கு நிச்சயம் தெரியாது.

சரி, சுவர் போர்டு. "சொந்தப் பொறுப்பு" என்று எழுதி மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம் ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள், கடைக்காரருக்கும் அதுதான் வேண்டும். 2008இல் உச்ச முறையீட்டு நீதிமன்றம், பழுதுபார்க்க விட்ட கார் திருடுபோன ஒரு வழக்கில், படிவத்தில் இருந்த அப்படிப்பட்ட வாசகத்தை வாடிக்கையாளரின் கவனத்துக்குத் தெளிவாகக் கொண்டுவரவில்லை என்று சொல்லி அதை ஏற்க மறுத்தது. அதற்குப் பிறகு, 2011இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 49ஆம் பிரிவு இதையே விதியாக்கியது: எளிய மொழியில், கண்ணில் படும்படி, பணம் வாங்குவதற்கு முன்பே. போர்டு எங்கே மாட்டியிருக்கிறது என்று மகனைக் கேட்டு, முடிந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். போர்டு சரியாகவே மாட்டியிருந்தாலும், மோசமான கவனக்குறைவுக்கும் சட்டமே கொடுத்த உரிமைகளுக்கும் அது தடையாகாது, 51ஆம் பிரிவைப் பாருங்கள். பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸே இல்லாமல் வயர் இழுத்திருந்தால், அது வெறும் கவனக்குறைவு இல்லை, மோசமான கவனக்குறைவு என்றுதான் நான் வாதாடுவேன்.

உங்கள் பக்கம் பலமாக நிற்பவை இரண்டு பிரிவுகள். 54ஆம் பிரிவு: வேலையின் தரம் சரியில்லை என்றால் குறையைச் சரிசெய்து தரவோ, கொடுத்த பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ வேண்டும். இது மகனுடைய 7,800 ராண்டுக்கு. 61ஆம் பிரிவு சேதத்துக்கு: பாதுகாப்பில்லாத, குறையுள்ள பொருளால் சொத்து சேதமானால், கவனக்குறைவை நிரூபிக்காமலே கேட்கலாம். அதில் இரண்டாவது உட்பிரிவு உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும், ஒரு சேவையோடு சேர்த்துப் பொருளைப் பொருத்திக் கொடுப்பவரும் அந்தப் பொருளை விற்றவராகவே கருதப்படுவார். "நான் பொருத்தினேன், அவ்வளவுதான், வயர் கம்பெனியைக் கேளுங்கள்" என்று அவர் நழுவ முடியாது.

இங்கே ஒரு நெளிவு இருக்கிறது. கடையோடு பேசிப் பணம் கொடுத்தவன் மகன், கார் உங்களுடையது. மின்சார நிறுவனமான எஸ்காம் மீதான 2016 வழக்கு ஒன்றில், நுகர்வோராக இல்லாதவர் 61ஆம் பிரிவைப் பிடிக்க முடியாது என்று உச்ச முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கம் சொல்வதால் நீங்கள் அதற்குள் வருவீர்கள் என்பது என் கருத்து. ஆனாலும் அதை மட்டும் நம்ப மாட்டேன். கூடவே, கவனக்குறைவால் என் காருக்குச் சேதம் என்ற பழைய பொதுச்சட்டக் கோரிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள். கடன் முடியும்வரை உரிமை வங்கியிடம் இருந்தாலும் நஷ்டம் உங்கள் தலையில் விழுவதால் நீங்களே கேட்கலாம்.

வாரண்டி விஷயத்தில் டீலர் சொன்னது பாதி உண்மை. கருகிய வயரிங்கை அவர்கள் தலையில் கட்ட முடியாது, அதை விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸுக்கும் சப்வூஃபருக்கும் என்ன சம்பந்தம்? கார் பழுதுபார்ப்பு, வாரண்டி பற்றிய போட்டி ஆணையத்தின் வழிகாட்டி 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது, வெளியில் வேலை செய்ததற்காக மட்டுமே வாரண்டியை முழுக்க ரத்து செய்வது அதன் நோக்கத்துக்கு எதிரானது. அது வழிகாட்டிதான், சட்டம் இல்லை, அதனால் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, "எந்தெந்தப் பாகத்துக்கு வாரண்டி இல்லை, ஏன்" என்று எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

இன்ஷூரன்ஸுக்கு இன்றே சொல்லுங்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஆம்ப்பைக் கழற்றி ஒளித்துவைக்க மட்டும் நினைக்காதீர்கள். சப்வூஃபர் பாலிசியில் தனியாகக் குறிப்பிடப்படாததால் அதற்குப் பணம் வராது, அது போகட்டும். காருக்கு வந்த தீச்சேதத்துக்கு வரலாம், பாலிசி வாசகத்தைப் பொறுத்தது. கேட்கும்போது பொய் சொன்னால்தான் எல்லாமே போகும். மகன் அடிக்கடி ஓட்டுகிறானா என்று கேட்பார்கள், அதற்கும் உண்மையே. மறுத்தால் 90 நாளுக்குள் அவர்களிடமே முறையிடலாம், அதற்கு மேல், இன்ஷூரன்ஸ், வங்கிப் புகார்களை விசாரிக்க 2024 முதல் செயல்படும் தேசிய நிதி ஒம்புட் திட்டம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

இன்ஷூரன்ஸ் கைவிட்டால் கடைக்கு ஒரு கடிதம்: என்ன நடந்தது, அறிக்கை இணைப்பு, தொகை, 14 நாள் கெடு. கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லை என்றால் முதலில், வாகனத் தொழில் புகார்களை விசாரிக்கும் மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மன், இதுவும் இலவசம். நேராகக் கோர்ட்டுக்குப் போனால் "மற்ற வழிகளை முடித்துவிட்டு வரவில்லையே" என்று எதிர்த்தரப்பு 69ஆம் பிரிவைக் காட்டும், நீதிமன்றங்களும் அதில் ஒரே குரலில் பேசவில்லை, அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்? ஆனால் பொதுச்சட்டக் கோரிக்கைக்கு மூன்று வருடக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதை மறக்காதீர்கள்.

கடைசியில் சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றம். அங்கே வக்கீலுக்கு இடமில்லை, நானும் உள்ளே வர முடியாது. வரம்பு 20,000 ராண்ட். 31,000இல் 11,000ஐ விட்டுக்கொடுத்து அங்கே போகலாம், இல்லையென்றால் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம், அங்கே வக்கீல் செலவே அந்தப் பதினோராயிரத்தைத் தின்றுவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விட்டுக்கொடுப்பேன். மகனுடைய 7,800 அவன் செய்த ஒப்பந்தத்தின்படி அவனுடையது, அதை அவன் பெயரில் தனியாகப் போடட்டும். வயது பதினெட்டைத் தாண்டிவிட்டதால் நீங்கள் அவனுக்காகப் பேச வேண்டியதில்லை. அன்றைக்கு கடையில் நின்றவனும் அவன்தான், போர்டு எங்கே இருந்தது என்று சொல்லப்போகிறவனும் அவன்தான்.