குடல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கால் விறைக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குடல் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் எழுதும் கடிதங்களில் ஒரு குறை உண்டு. “கால் விறைக்கிறது” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கே விறைக்கிறது? தொடையின் முன்பக்கமா, வெளிப்பக்கமா, பாதத்தின் மேற்புறமா, இரண்டு உள்ளங்கால்களுமா? அதைச் சொன்னால் எந்த நரம்பு என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். விறைத்த இடத்தின் எல்லையைப் பேனாவால் தோலிலேயே வரைந்து, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். மாதம் ஒரு முறை அப்படி வரைந்தால், எல்லை சுருங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

முதுகில் போட்ட ஊசியால்தான் என் கால் விறைத்தது என்று அயலில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா, டொக்டர்? (உவர்மலை)

முதுகு ஊசி வாங்கும் பழியில் பெரும்பகுதி அதற்கு உரியதல்ல. அதன் விறைப்பு சில மணி நேரத்தில் விலகிவிடும். வாரக்கணக்கில் ஒரு காலில் மட்டும் விறைப்பு நின்றால், சத்திரசிகிச்சை மேசையில் கால் வைக்கப்பட்டிருந்த விதத்தையோ, வயிற்றை விரித்துப் பிடிக்கும் கருவியின் அழுத்தத்தையோதான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஆனால் ஊசி போட்ட சில நாட்களுக்குள் முதுகு வலியோ காய்ச்சலோ வந்து, இரண்டு கால்களும் பலமிழந்தால், சலம் கழிக்க முடியாமல் போனால், அல்லது உட்காரும் இடமும் மலவாசலைச் சுற்றிய பகுதியும் விறைத்தால், கடிதம் எழுத வேண்டாம். 1990 அம்புலன்சை அழையுங்கள். முதுகெலும்புக்குள் இரத்தமோ சீழோ தேங்கியிருந்தால், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்.

மலக்குடலில் புற்று என்று ஐந்தரை மணி நேரம் சத்திரசிகிச்சை நடந்தது. கண் விழித்ததிலிருந்து இடது பாதம் தொங்குகிறது. நடந்தால் தரையில் “டப்” என்று அடிக்கிறது. பாதத்தின் மேற்புறம் விறைப்பு. இது திரும்பி வருமா? (மூதூர்)

பெரும்பாலும் வரும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில், பாதத்தை மேலே தூக்கும் நரம்பு ஓடுகிறது. மலக்குடல் சத்திரசிகிச்சையில் கால்களை விரித்து, தாங்கிகளில் உயர்த்தி வைப்பார்கள். நேரம் நீளும்போது அந்த முண்டில் நரம்பு நசுங்கலாம்.

நரம்பிழையின் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் பாதம் உயரத் தொடங்கும். உள்ளிழையே அறுந்திருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். முண்டிலிருந்து பெருவிரல் வரை 35 சென்ரிமீற்றர் என்றால், விரல் நுனியில் உணர்ச்சி திரும்ப ஒரு வருடம் ஆகிவிடும். பாதத்தைத் தூக்கும் தசை அருகிலேயே இருப்பதால் அசைவு அதற்கு முன்பே வரும். எந்த வகைச் சேதம் என்பதை நரம்பு மின்பரிசோதனை சொல்லும்; முதல் மூன்று வாரங்களுக்குள் செய்தால் அது ஏமாற்றிவிடும். மூன்று மாதம் கழிந்தும் துளி அசைவுகூட இல்லையென்றால் நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் குதிக்காலின் பின்புறத் தசைநாண் இறுகிவிடக் கூடாது. இறுகினால் நரம்பு மீண்ட பிறகும் பாதம் உயராது. காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு சாரத்தைப் பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். நாளில் பல தடவை. பாதத்தை நிமிர்த்தி வைக்கும் தாங்கியை இயன்மருத்துவப் பிரிவில் கேளுங்கள். இறப்பர் செருப்பு தடுக்கி விழுத்தும். பின்பட்டி உள்ளதை அணியுங்கள். கால்மேல் கால் போடுவதும், சம்மணமிட்டு நெடுநேரம் இருப்பதும், குந்தியிருப்பதும் அதே முண்டில் அதே நரம்பை அழுத்தும். கோயிலில் அன்னதானத்துக்குக்கூட ஒரு கதிரை கேட்டு வாங்குங்கள். யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு விறைத்து எரிகிறது. நடையில் குறையில்லை. (உப்புவெளி)

அது தோலுணர்ச்சிக்கு மட்டுமான நரம்பு. தசையோடு அதற்குத் தொடர்பில்லை. உள்பாவாடை நாடாவையும் வயிற்றுப் பட்டியையும் தளர்த்திக் கட்டுங்கள். சில மாதங்களில் அநேகமாகக் குறைந்துவிடும்.

அம்மாவுக்குத் தொடையின் முன்பக்கம் விறைப்பு. படி இறங்கும்போது முழங்கால் மடிந்துவிடுகிறது. (தம்பலகாமம்)

இது தொடையின் முன்தசையை இயக்கும் நரம்பு. வயிற்றை விரித்துப் பிடிக்கும் கருவி அழுத்தியிருக்கலாம். மாதக்கணக்கில் மீள்வதே வழக்கம். அதற்குள் விழுந்து இடுப்பு எலும்பு முறியாமல் பார்ப்பதே உங்கள் வேலை. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பலமற்ற கால் முதலில். கை எப்போதும் பிடிமானத்தில். இரவில் குளியலறை விளக்கை அணைக்காதீர்கள்.

மீன் வியாபாரம் செய்கிறேன். குடற்புற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மருந்து ஏற்றுகிறார்கள். ஐஸ் பெட்டிக்குள் கை வைத்தால் மின்சாரம் அடிப்பது போல இருக்கிறது, பாதங்களும் விறைக்கின்றன. நரம்பு வெட்டுப்பட்டிருக்குமா? (நிலாவெளி)

வெட்டுப்பட்ட நரம்பு குளிருக்காகக் காத்திருக்காது. கையிலும் இரு பாதங்களிலும் ஒன்றாக வருவதைப் பார்த்தால், உங்களுக்கு ஏற்றுவது ஒக்ஸாலிப்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து என்றுதான் ஊகிக்கிறேன். மருந்துத் துண்டில் பாருங்கள். குளிர் பட்டதும் கூசுவது அதன் அடையாளம். அது சில நாட்களில் தணியும். ஐஸ் பெட்டியை வேறொருவரிடம் விடுங்கள், முடியாவிட்டால் தடித்த கையுறை போடுங்கள், குளிர்பானம் வேண்டாம்.

என் கவலை வேறு. அடுத்த தவணை வரையும் விறைப்பு விலகாமல் நின்றால், சட்டைப் பொத்தான் போடவே தடுமாறினால், மருந்து ஏற்றுவதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். “மருந்தை வெட்டிவிடுவார்களோ” என்று மறைப்பவர்கள்தான் நிரந்தர விறைப்போடு நிற்கிறார்கள். மருந்து முடிந்த பின்னும் சில மாதங்கள் விறைப்பு கூடிப் பிறகே குறையலாம்; அதைக் கண்டு பதறாதீர்கள்.

எண்ணெய் போட்டு உருவி, கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்தால் நரம்பு இளகும் என்கிறார்கள். (கிண்ணியா)

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வாரங்களில் கெண்டைக்காலை உருவவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருந்தால் உருவும் கை அந்தக் கட்டியை நுரையீரலுக்கு அனுப்பிவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கன்னியாவின் ஏழு கிணறுகளும் ஒரே சூடு அல்ல. விறைத்த கால் சூட்டை அறியாது. காயம் ஆறிய பிறகு போங்கள், ஆனால் நல்ல கையால் தொட்டுப் பார்த்தே ஊற்றுங்கள். நண்பகல் கடற்கரை மணலுக்கும் கோணேசர் கோயில் கல் தரைக்கும் இதுவே எச்சரிக்கை. நரம்பு இளகுவதென்று ஒன்று கிடையாது.

சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி நான்கு வருடம். இப்போதுதான் இரண்டு பாதங்களும் விறைக்கின்றன. சைவ உணவுதான். நரம்பு விற்றமின் குளிசை போடலாமா? (அன்புவழிபுரம்)

முதலில் இரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். அந்த விற்றமினை உறிஞ்சுவது நீங்கள் இழந்த பகுதிதான். ஈரலில் உள்ள சேமிப்பு சில வருடங்கள் தாங்குவதால் குறை பிந்தியே தெரியும். நீரிழிவுக்கு மெற்போமின் எடுத்தால் இன்னும் வேகமாகக் குறையும். உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஊசி, அதுவும் வாழ்நாள் முழுவதும். கடையில் வாங்கும் கூட்டு விற்றமினில் பி6 இருக்கிறது. அதை நெடுநாள் அதிக அளவில் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

விறைத்த இடத்தில் இப்போது எறும்பு ஊர்கிறது. கூடுகிறதா? (மூதூர்)

எல்லை சுருங்கிக்கொண்டு வந்தால் நல்ல செய்தி. இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு எரிந்தால் அமிற்றிப்ரிலின், பிரிகபலின் போன்ற குளிசைகள் இருக்கின்றன. அவை எரிவைத்தான் தணிக்கும், விறைப்பைப் போக்காது.

எப்போது மோட்டார் சைக்கிள் ஓட்டலாம்? (குச்சவெளி)

பின் பிறேக்கை மிதிப்பது வலது பாதம், கியர் மாற்றுவது இடது பாதம். எந்தக் கால் என்றாலும், கீழே பார்க்காமல் பாதம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாதவரை வேண்டாம். நின்ற வண்டியில் பிறேக்கைப் பலமாகப் பத்துத் தடவை மிதித்துப் பாருங்கள். ஸ்கூட்டர் என்றாலும் சந்தியில் ஊன்ற வேண்டியது அதே கால்தான். வயிற்றைத் திறந்து செய்த சத்திரசிகிச்சை என்றால், கால் சரியாக இருந்தாலும் முதல் ஆறு வாரம் வண்டியைத் தள்ளவோ ஸ்டாண்டில் ஏற்றவோ வேண்டாம். தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வந்துவிடும்.