லீவர் எட்டவில்லை என்றால் பிரேக்கையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: இரண்டு மாதம் முன்பு சேலத்தில் ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். எனக்குக் கை சின்னது, பிரேக் லீவர் விரல் நுனிக்குத்தான் எட்டுகிறது. போன வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியிலேயே விரல் மரத்துப்போய், நின்று நின்றுதான் வந்தேன். கடையில் கேட்டால், கம்பெனி செட்டிங்கே அப்படித்தான், வேண்டுமானால் கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். லீவரின் உள்பக்கத்தில், அது அசையும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு ஸ்க்ரூ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அநேகமாக இருக்கும், பல சமயம் தூசி அடைத்துக் கிடக்கும். சில லீவர்களில் அதற்கு 2 அல்லது 2.5 மி.மீ. ஆலன் கீ வேண்டும், சிலவற்றில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். பெரும்பாலும் வலப்பக்கமாகத் திருகினால் லீவர் ஹேண்டில்பார் பக்கம் நெருங்கி வரும். அரைச் சுற்று திருகுங்கள், சீட்டில் உட்கார்ந்து பிடித்துப் பாருங்கள், மறுபடி அரைச் சுற்று. உள்ளங்கை கிரிப்பில் முழுதாகப் பதிந்திருக்கும்போதே ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரில் உட்கார வேண்டும், அதுதான் அளவு. விரல் நுனியால் இழுத்தால் முன்கை முழுக்க இறுகும், நீங்கள் சொல்லும் மரத்துப்போதல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

லீவரை உள்ளே கொண்டுவந்தால் அதுவே கேபிளையும் கொஞ்சம் இழுத்துவிடும். அதனால் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் அதில் உரசத் தொடங்கலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், சர்ரென்று சத்தம் வந்தால் கேபிள் லீவருக்குள் நுழையும் இடத்தில் விரலால் திருகுகிற வளையம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் உள்ளே விடுங்கள். கடைசியில் முழு பலத்தோடு அழுத்துங்கள். அப்போதும் லீவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஒரு விரல் கனமாவது இடைவெளி இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சைக்கிளோடு மலைக்குப் போகாதீர்கள்.

அடுத்து லீவர் இருக்கும் இடம். கடையில் பெரும்பாலும் கிரிப்பை ஒட்டியே மாட்டிவிடுகிறார்கள். லீவரை ஹேண்டில்பாரில் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஹேண்டில்பாரின் நடுப்பக்கமாகத் தள்ளினால் விரல் லீவரின் நுனி வளைவில் விழும். நெம்புகோல் கணக்குதான், நுனியில் இழுத்தால் குறைந்த பலம் போதும். கியர் ஷிஃப்டரும் லீவரும் ஒரே பாகமாக வந்திருந்தால் மட்டும் ஷிஃப்டர் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்று பார்த்துத் தள்ளுங்கள். கீழ்நோக்கிய சாய்வையும் பாருங்கள், முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வர வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் அழுத்தினால் கொழகொழவென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டியது கேபிளின் வெளியுறை. மலிவான உறை அழுத்தும்போது சுருங்கும், உங்கள் பலத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். சுருங்காத உறை என்று பிரேக்குக்கென்றே விற்கிறார்கள், கேபிளோடு சேர்த்து மாற்றினால் ஹைட்ராலிக் செலவில் சின்னப் பங்குதான் ஆகும். பேட் தேய்ந்திருந்தாலும் லீவர் உள்ளே போகும். உங்களுடையது போன்ற பிரேக் பலவற்றில் ஒரு பக்கப் பேட் மட்டும்தான் நகரும், மற்றது அசையாமல் நிற்கும், அதைத் தனியாகத் திருகி டிஸ்குக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும். ஆறு மாதமாகத் தொடாத சைக்கிள்களில் கோளாறு பாதி நேரம் இதுதான்.

கடைக்காரர் சொன்னது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. லீவரை வாங்குபவர் கைக்கு ஏற்ப வைத்துக் கொடுப்பது சைக்கிளைப் பூட்டிக் கொடுக்கும் வேலையோடு சேர்ந்தது, ஐந்து நிமிடம்கூட ஆகாது. பணம் கட்டுவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்து கேட்டு வாங்குங்கள், குழந்தைகளுக்கு வாங்கும்போது கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: என்னுடையது ஹைட்ராலிக். காரில் தலைகீழாகப் போட்டு எடுத்துப்போனேன், இப்போது லீவர் ஹேண்டில்பாரையே தொடுகிறது. எட்டும் தூரத்துக்கான ஸ்க்ரூவைத் திருகி வெளியே தள்ளிவிட்டால் போதுமா?

பதில்: போதாது, அது கோளாறை மறைக்கும், அவ்வளவுதான். லீவரை நாலைந்து தடவை வேகமாக அடித்துப் பாருங்கள், கெட்டியானால் உள்ளே காற்று போயிருக்கிறது. சைக்கிளை நேராக நிறுத்தி, லீவரை அழுத்தின நிலையில் ரப்பர் பேண்டால் கட்டி ஒரு இரவு விடுங்கள், சின்னக் குமிழ்கள் மேலே லீவரோடு இருக்கும் ஆயில் தொட்டிக்கு ஏறிவிடும். காலையிலும் அப்படியே இருந்தால் ஏர் எடுக்கத்தான் வேண்டும். அதற்குக் கொடுக்கும்போது எந்த ஆயில் ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். ஷிமானோ, டெக்ட்ரோ கம்பெனி பிரேக் என்றால் மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனி பிரேக்கில் நெடுநாளாக டாட் (DOT) திரவம், அதாவது கார் பிரேக்கில் ஊற்றும் வகை, இப்போது சில மாடல்களில் மினரல் ஆயில், அதனால் லீவரிலேயே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கொடுங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுப்போகும், அதற்கப்புறம் நீங்கள் வாங்கப்போவது புது பிரேக். இன்னொன்று, சக்கரத்தைக் கழற்றிக் காரில் ஏற்றும்போது பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகுங்கள், வெறும் இடத்தில் லீவரை அழுத்திவிட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு டிஸ்க் உள்ளே நுழையாது.